பெட்டூனியாவுக்கு முடிவெட்டு

டோக்கியோவில் சூரியன் உதிப்பதே கினுயே அத்தையின் பெட்டூனியாப் பூக்களைப் பார்க்கத்தான். அத்தை எங்கள் சந்தில் சலூன் வைத்திருப்பவர். யார் தலை கிடைத்தாலும் இரக்கமில்லாமல் ஒட்ட வெட்டுவார். ஆனால் வாசலில், மீன்காரர் கொடுத்த தெர்மாகோல் பெட்டிகளில் வளரும் பெட்டூனியா மேல் மட்டும் கத்தரி படாது. மழைக்காலத்துக்கு முன்னால் பாதியாக வெட்டினால் குட்டையாய், புதராய் மறுபடி பூக்கும்; விட்டால் அழுகிவிடும். அது அவருக்கே தெரியும்.

"பூத்துக்கிட்டு இருக்கிறத எப்படிடா வெட்டுறது?"

"எங்க தலை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு அத்தை?"

"உன் தலையில என்னடா பூத்துச்சு?"

மறுநாள் மழை தொடங்கும் என்று டிவியில் சொன்னார்கள். விடிந்ததும், சலூன் திறக்கும் முன்பே கத்தரியோடு போய் எல்லாப் பெட்டிகளையும் வெட்டினேன். வெட்டிய பூக்களை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு, அவர் கதவைத் திறந்ததும் கண்ணில் படும்படி வைத்தேன். நழுவப் பார்க்கையில் சலூனுக்கு மேலே அத்தை வீட்டு மாடி ஜன்னல் திறந்தது.

"டேய் தெப்பெய்! இடது பக்கம் நீளமா விட்டுட்டு எங்கடா ஓடுற? நில்லு, என் கத்தரிய எடுத்துட்டு வர்றேன்."