தவமணி அண்ணன் பெடல் மாற்றி மிதிக்கவில்லை

தவமணி அண்ணன் போய்விட்டார். இன்று காலை, அல்லிநகரத்தில், அவர் வீட்டிலேயே. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

செய்தி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தேனி டிரைவர்கள் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் ஒருவர் எழுதுகிறார்: "போடிமெட்டுல பிரேக்குனு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சு மொதலாளி கார முட்டுனாரே, அவரா? பாவம்."

அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள்... ஒருவர்கூட மறுக்கவில்லை.

அவர் பெடல் மாற்றி மிதிக்கவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் நாலு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்.

அப்போது மதுரையில் ஒரு சொகுசு கார் சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். வண்டியில் என்ன குறை என்று கேட்டு ஜாப் கார்டில் எழுதுவது என் வேலை.

அண்ணன் போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் டிரைவர். முதலாளியின் காரை எங்களிடம்தான் சர்வீசுக்குக் கொண்டுவருவார். அதற்கு முன்னால் இருபது வருடம் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டியவர். என் சொந்த ஊர் தேனிப் பக்கம் ஜெயமங்கலம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் 'ஆத்தா'.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவார். "செருப்போட மிதிச்சா எம்புட்டு அமுக்குறோம்னே தெரியல ஆத்தா."

அந்தக் காரில் அவருக்குப் பிடிக்காதது ஸ்கிரீன். ஏசியைக் கூட்டவும் குறைக்கவும் அதைத்தான் தொட வேண்டும். "மெட்டுல பனி எறங்குது, கண்ணாடி வேர்க்குது. நான் கண்ண ரோட்டுல வைக்கவா, இந்த டிவியில வைக்கவா? கையால தடவிப் பாத்தா இன்னதுன்னு தெரிய வேணாமா?"

ஹேண்ட்பிரேக்கும் ஒரு குட்டி சுவிட்ச்தான். அதே மாதிரி நாலு சுவிட்ச் வரிசையாக இருக்கும். அண்ணன் அதன் மேல் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டியிருந்தார். விரல் பட்டதும் தெரியட்டும் என்று.

எங்கள் மேனேஜர் அதைப் பார்த்துச் சிரித்தார். "லக்ஸரி கார்ல பொட்டா? எடுத்துடும்மா." நான்தான் நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

அதே விசிட்டில்தான் அண்ணன் அந்தக் குறையைச் சொன்னார். "மெட்டு எறங்கி வர்றப்ப பிரேக்க மிதிச்சுப் புடிச்சா, பெடலு கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகுது ஆத்தா. முந்தி இப்பிடிப் போகாது."

ஸ்கேன் போட்டோம். கம்ப்யூட்டரில் ஒரு எரர்கூட இல்லை. ரிங் ரோட்டில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

"இங்கன சமதரையில என்னா தெரியும்? சூடேறுனாத்தான் சார் காட்டும். ஒருக்கா மெட்டுக்கு வந்து பாருங்க" என்றார் அண்ணன்.

மேனேஜர் தோளில் தட்டினார். "ஜீப் மிதிச்ச காலு அண்ணே. இந்தப் பெடலுக்குப் பழக நாளாகும்." என்னிடம் திரும்பி, "டிரைவர் ஹேபிட்னு போடு" என்றார்.

போட்டேன்.

மூன்று வாரம் கழித்து முதலாளியின் மனைவி, மருமகள், கைக்குழந்தையோடு போடிமெட்டு இறங்கும்போது பெடல் தரையைத் தொட்டது. பிரேக் இல்லை.

அண்ணன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலைத் தட்டி கியரைக் குறைத்திருக்கிறார். ஹேண்ட்பிரேக்கைத் தேடிய விரல் முதலில் வேறு சுவிட்சில் போயிருக்கிறது... ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இன்னொரு தடவை தடவி, கண்டுபிடித்து, இழுத்துப் பிடித்துக்கொண்டே காரை மலைப்பக்கச் சுவரில் உரசி நிறுத்தினார். குழந்தைக்குக் கீறல்கூட இல்லை.

அதற்கு அவருக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? "பெடல் மாத்தி மிதிச்சிருப்பார் சார்" என்று எங்கள் மேனேஜர் முதலாளிக்குப் போன் பண்ணிச் சொன்னார். வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல்! அந்த வாரமே அண்ணனை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

பிறகுதான் திறந்தார்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் தேய்ந்து போயிருந்தது. பெடல் உள்ளே போனது அதனால்தான். ஆக்சிலேட்டரில் கால் இல்லை என்று வண்டியின் கம்ப்யூட்டரே பதிவு செய்திருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதச் சொன்னார்கள்? "முன்னெச்சரிக்கையாக மாற்றப்பட்டது." அதையும் டைப் செய்தது இந்தக் கைதான். சீல் தேய்ந்ததற்கு ஒருவரும் பொறுப்பில்லை. ஜீப் ஓட்டிய கால்தான் பொறுப்பு!

போன வருடம் சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அண்ணனைப் பார்த்தேன். திராட்சை ஏற்றும் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கார் டிரைவராக ஒருவரும் சேர்க்கவில்லை. அங்கேயே, தோட்டத்து வேலி ஓரம் நிற்க வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். "மிதிச்சவனுக்குத் தெரியாதா ஆத்தா?" என்றார். பிறகு கேட்டார்: "இத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுப்பியா?"

"பாக்குறேன்ணே" என்றேன்.

பார்க்கவில்லை. அந்த வேலையை விட்ட பிறகும் எனக்கு என்ன பயமோ...

இன்று முதலாளியின் மகனைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "எழவு வீட்டு நேரத்துல இதெல்லாம் எதுக்குக்கா? நாங்க மாலை அனுப்பிட்டோம்" என்றார். அவர் பிள்ளைதான் அன்றைக்கு அந்தக் காரில் இருந்த கைக்குழந்தை.

அப்புறம் அண்ணன் மனைவிக்கு, மதினிக்குப் போன் பண்ணினேன். அழுகைக்கு நடுவில் அவர் சொன்னது இது: "அந்தப் புள்ள எழுதிக் குடுத்துருச்சுன்னா மொதலாளி கையில குடுத்துட்டு வந்துருவேன்னு அவுக சொல்லிக்கிட்டே இருந்தாக ஆத்தா. வர்றப்ப அதக் கொண்டாந்துரு."

எழுதிவிட்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று. ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறி உட்கார்ந்திருக்கிறேன்.

வர்றேண்ணே.