நீராவி நுழையாத மூட்டை

தொண்ணூறுகளில் காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக இருந்தேன். ஒரே வாரத்தில் மூன்று பேருக்கு ஆபரேஷன் தையலில் சீழ் பிடித்துவிட்டது. சர்ஜன் மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"சிஸ்டர், எங்க தப்புன்னு தெரியற வரைக்கும் தியேட்டரைப் பூட்டுங்க. திங்கக்கிழமை முசரவாக்கத்துப் பொண்ணுக்கு சிசேரியன். அதுக்குள்ள கண்டுபிடிக்கலன்னா அவங்களை மெட்ராஸுக்கு அனுப்பிடலாம்" என்றார்.

மானம் போனது எனக்கு. குழாய்த் தண்ணீர், லோஷன், கையுறை என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். எல்லோரையும் திட்டினேன். திட்டு வாங்காத ஒரே ஆள் மல்லிகா. கத்தி, கத்தரி, கவுன் எல்லாவற்றையும் துணியில் மூட்டையாகக் கட்டி, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைப்பவள். முன்பு பட்டுக் கடையில் புடவை மடித்தவள். அவள் கட்டிய மூட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. புது நர்ஸ்களுக்கு அதைக் காட்டித்தான் பெருமையடிப்பேன். மேலே ஒட்டிய டேப்பில் கோடுகள் கறுத்திருந்தால் நீராவி பட்டுவிட்டது என்று அர்த்தம். அது தினமும் கறுத்துத்தான் இருந்தது.

ஞாயிறு காலை அவளுடைய மூட்டை ஒன்றைப் பிரித்தேன். முடிச்சை அவிழ்க்கவே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. உள்ளே துணி பலகை மாதிரி இருந்தது.

"மல்லிகா, இதுக்குள்ள காத்து போவுமா?"

"காத்தா? எறும்புகூட போவாது சிஸ்டர்! முட்டி போட்டு அமுக்கிக்கினு இல்ல கட்றேன்!"

எனக்குப் பொறி தட்டியது. மெடிக்கல் ரெப் இலவசமாகக் கொடுத்த, நீராவி நன்றாகப் பட்டால் கறுக்கும் தாள்கள் மேசைக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்றை அவள் மூட்டையின் நடுவில் வைத்தேன். இன்னொன்றை நான் தளர்வாகக் கட்டியதில் வைத்தேன். இரண்டும் ஒன்றாகவே வெந்தன. என்னுடையது கறுத்திருந்தது. அவளுடையது வெள்ளை வெளேரென்று இருந்தது.

மல்லிகா அழுதுவிட்டாள். "என்னாலயா சிஸ்டர் அந்த மூணு பேருக்கும்?"

"மேல இருக்கற டேப்ப மட்டும் பாத்துட்டு உன்னப் புகழ்ந்தது நான்தானேம்மா" என்றேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

எல்லா மூட்டைகளையும் பிரித்துத் தளர்வாக மறுபடி கட்டினோம். சிலவற்றின் நடுவில் மட்டும் சோதனைக்குத் தாள் வைத்தோம். மல்லிகா முகத்தைச் சுளித்துக்கொண்டே கட்டினாள். "பாக்கவே சகிக்கல. கடையில இப்பிடி மடிச்சா ஓனரு தொரத்திடுவாரு."

சோதனை மூட்டைகளிலிருந்து எடுத்த கறுத்த தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்த மேடம், "இனிமே மூட்டை இப்படித்தான் இருக்கணும். சிசேரியன் இங்கதான்" என்றார்.

எட்டாம் நாள் அந்தப் பெண்ணுக்குத் தையல் பிரித்தேன். காயம் சுத்தமாகக் காய்ந்திருந்தது. பழைய மூன்று பேரும் அதற்குள் தேறியிருந்தார்கள். மல்லிகா வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினாள்.

இளைய சிஸ்டர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கெட்டிக்காரர் செய்த வேலையை முதலில் பிரித்துப் பாருங்கள். மற்றவர்களுடையதை எப்படியும் பார்த்துவிடுவோம்.