குதிரையைக் கொடுத்து எடுத்த டிரா

நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தச் சதுரங்கப் போட்டி நடந்தது. எனக்கு ஓமலூரில் மருந்துக்கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு இப்படிப் பஸ் ஏறிவிடுவேன். பெரிய ரேட்டிங் எல்லாம் கிடையாது. பலகை முன்னால் உட்கார்ந்தால் பயமும் கிடையாது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தைய சுற்றில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர் திருச்செங்கோட்டுக்காரர். ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர்வெல் போடுகிறவர். அவருக்கு வெள்ளை, எனக்குக் கறுப்பு. பாதி ஆட்டத்தில் என் குதிரை அவர் பக்கத்தில் நன்றாக ஊன்றி நின்றது. அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, டிரா வச்சுக்கலாமுங்களா?"

"இல்லைங்க, ஆடலாம்."

ஜெயிக்கிற ஆட்டத்தை எதற்கு விட வேண்டும்? ஆனால் அவசரப்பட்டுவிட்டேன். ஒரு சிப்பாயை வெட்டப் போய் யானையைப் பறிகொடுத்தேன். அதை ஈடுகட்டவே வெகுநேரம் போராட வேண்டியிருந்தது. கடைசியில் அவரிடம் ஒரு பிஷப்பும் இரண்டு சிப்பாய்களும் மிச்சம். என்னிடம் குதிரை மட்டும். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

தோற்றுவிட்டதாக நான் நினைக்கவே இல்லை. அவருடைய ஓரச் சிப்பாய் ராணியாக வேண்டிய மூலைக் கட்டம் வெள்ளை. பிஷப்போ கறுப்புக் கட்டங்களில் மட்டும்தான் போகும். என் ராஜா அந்த மூலைக்குள் போய்விட்டால் அதைக் கிளப்ப அவரால் முடியாது. இடைஞ்சல் அந்த இன்னொரு சிப்பாய்தான்.

குதிரையால் அதை வெட்டினேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு ராஜாவால் குதிரையை எடுத்தார். நான் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு என் ராஜாவை மூலைக்கு நடத்தினேன்.

அவர் லேசில் விடவில்லை. பிஷப்பை அங்கும் இங்கும் ஓட்டினார், ராஜாவைக் கொண்டுவந்து நெருக்கினார். கடைசியில் எனக்குச் செக்கும் இல்லை, நகரக் கட்டமும் இல்லை. டிரா.

வெளியே டீக்கடையில் அவரே பேச்சை எடுத்தார்.

"நீங்க பாக்காமத்தான் குதிரைய உட்டுட்டீங்கன்னு நெனச்சனுங்க."

"பாத்துட்டுத்தாங்க விட்டேன்."

"நாங் கேட்டப்பவே ஒத்துக்கிட்டிருந்தா, ரெண்டு பேரும் நேரத்துல சோறு தின்னிருக்கலாமுங்க."

"நான்தாங்க ஜெயிக்கற மாதிரி இருந்தேன்!"

"ஆமாங்க, அதுக்குத்தானே கேட்டனுங்க" என்று அவர் சிரித்ததில் டீ சட்டையில் சிந்தியது.

அடுத்த சுற்றில் நான் ஜெயித்தேன், அவரும் ஜெயித்தார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் சேலம் வண்டி வரும்வரை அந்தக் குதிரையைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தோம்.