ஏழாம் கட்டிலுக்கு வெந்நீர்

விரல்கள் துணியை வெந்நீரில் முக்கி, இரண்டு முறுக்கு முறுக்கிப் பிழிந்தன. இடது கை போர்வையைச் சாண் அகலத்துக்கு மட்டும் ஒதுக்கிப் பிடித்தது. வலது கை அந்த இடைவெளியில் நுழைந்து, வலத் தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரே இழுப்பில் துடைத்தது. ஈரம் ஒற்றி, போர்வையை மூடி, அடுத்த இடம். உடம்பில் எந்தப் பகுதியும் மூச்சு நேரத்துக்கு மேல் வெளிச்சம் காணவில்லை. மெத்தையில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. வலப்பக்கம் முடிந்து இடப்பக்கமும் முடிந்தது. கைகள் அந்த உடம்பின் இரு கைகளையும் விலாவோரம் நேராக நீட்டி வைத்தன. மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தின. பிறகு உள்ளங்கை நெற்றியில் படிந்து, மெல்லக் கீழே இறங்கி, கண்ணிமைகளை மூடியது.

உடம்பு வீலென்று கத்தியது.

"யா அல்லாஹ்! உசுரோட இருக்கும்போதே என்னை மையித்தாக்கிட்டாளே!"

பினாங்கு ஆஸ்பத்திரியில் பதினான்கு கட்டில் உள்ள பெண்கள் வார்டு அது. மற்றப் பதின்மூன்று தலைகளும் திரும்பின. கத்தியவர் ஏழாம் கட்டிலில் இருந்த சித்தி ஹாஜரா என்பவர். சௌராஸ்தா பசாரில் மீன் தண்ணீரில் வழுக்கி விழுந்து, இடது கால் எலும்பு ஒடிந்து, கட்டுப் போட்டுப் படுத்திருப்பவர். ஒடியாத மற்ற உறுப்புகளுக்கெல்லாம் சேர்த்து அவருடைய வாய் வேலை செய்தது.

"இவ யாருன்னு தெரியுமா? சுங்கை பினாங்குல மையித்துக் குளிப்பாட்டுற காமாரியா! போன வருஷம் என் நாத்தனா மவுத்தானப்ப இவதான் குளிப்பாட்டினா, நான்தான் தண்ணி ஊத்தினேன். இதே மாதிரிதான்! வலப்பக்கம், இடப்பக்கம், கையை நீட்டி, கண்ணை மூடி... அடுத்து கஃபன் துணிதான் பாக்கி!"

பக்கத்துக் கட்டில்காரி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். எதிர்க் கட்டிலில் பதினொரு நாளாகக் காய்ச்சலோடு கிடந்த பெண் எழுந்து உட்கார்ந்து, "எனக்குத் தண்ணி வேணாம்லா, நான் காலையிலேயே குளிச்சிட்டேன்" என்றாள்.

காமாரியா வாளியைத் தூக்கிக்கொண்டு வெளித்தாழ்வாரத்துக்கு வந்தாள். முப்பத்திரண்டு வயது. கட்டையான உடம்பு, நீளமான விரல்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷத்து விஷக்காய்ச்சலில் சுங்கை பினாங்கில் தெருவுக்குத் தெரு பெண்கள் செத்துக் கிடந்தார்கள். பயந்து ஒருவரும் கிட்டே வராத நாளில், இறந்துபோன தன் தாயைத் தானே குளிப்பாட்டியதில் தொடங்கியது அவளுடைய மையித்துக் குளிப்பாட்டும் தொழில். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு, தப்புச் செய்து, அடுத்த முறை திருத்திக் கற்றுக்கொண்டாள். கணவன் இறந்த பிறகு ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிவிட்டது. நோயாளிகளைத் தூக்குவாள், திருப்புவாள், மலச்சட்டி எடுத்துவைப்பாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. குளிப்பாட்டுவது மட்டும் அதுவரை மிஸ்ஸிகள் எனப்பட்ட தாதிகளின் வேலையாகவே இருந்தது.

இப்போது புதுச் சட்டம் வந்திருந்தது. வருகிற வருஷம் முதல் உதவித் தாதிப் பரீட்சையில் தேறியவர்கள்தான் நோயாளியைத் தொடலாம். தேறாதவர்கள் துணி வெளுக்கும் கொட்டகைக்குப் போக வேண்டும். எழுத்துப் பரீட்சை கிடையாது. ஒரு நோயாளியைப் படுக்கையிலேயே குளிப்பாட்டி, விரிப்பு மாற்றி, பொறுப்பு மிஸ்ஸியிடம் ஒப்படைக்க வேண்டும். தலைமைத் தாதியான மெட்ரன் நின்று பார்ப்பார். குளிப்பாட்டுவதுதான் பரீட்சை என்று கேட்டபோது காமாரியாவுக்குச் சிரிப்பு வந்தது. இதைவிடச் சுலபமான பரீட்சை உண்டா என்று நினைத்திருந்தாள்.

பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸி கனகேஸ்வரி பின்னாலேயே வந்தாள். யாழ்ப்பாணத்துக் கிளார்க்கின் மகள். காமாரியாவைவிட ஆறு வயது இளையவள்.

"அக்கா, சோதினைக்கு இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு. அண்டைக்கும் ஆரும் இப்பிடிக் கத்தினால் மெட்ரன் என்ன செய்வா, தெரியுமோ?"

"தெரியும் மிஸ்ஸி. கொட்டாயில போயி துணி தப்பச் சொல்லுவாங்க."

"பிறகேன் அவவின்ர கண்ணை மூடினீங்கள்?"

காமாரியா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "நான் மூடல மிஸ்ஸி. கை மூடிருச்சு."

கனகேஸ்வரி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தோற்றாள். பிறகு, "சரி, வாங்கோ. நான் படுக்கிறன். என்னைக் குளிப்பாட்டுங்கோ. எங்க பிழைக்குதெண்டு பாப்பம்" என்றாள்.

மிஸ்ஸிகளின் ஓய்வறையில் கட்டில் போட்டு, கனகேஸ்வரி நோயாளியாகப் படுத்தாள். காமாரியா முழங்கையை நனைத்துத் தண்ணீரின் சூட்டைப் பார்த்துவிட்டுத் தொடங்கினாள். இந்த முறை முகம், கழுத்து, தள்ளியிருக்கும் கை, கிட்டே இருக்கும் கை என்று ஆஸ்பத்திரி வரிசையை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே செய்தாள். கண்ணருகே கை போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். முதுகுக்குத் திருப்பினாள், துடைத்தாள், உலர்த்தினாள், தலையும் வாரிவிட்டாள். வரிசை ஓரிடத்திலும் தவறவில்லை என்ற நிறைவோடு நிமிர்ந்தாள்.

கனகேஸ்வரி எழுந்து உட்கார்ந்து பின்னந்தலையைத் தடவினாள். கூந்தல் மூன்று பின்னலாகத் தொங்கியது.

"இதென்ன, அக்கா?"

காமாரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பொம்பள மையித்துக்கு மூணு பின்னல் போடுறது வழக்கம் மிஸ்ஸி."

"அது கிடக்கட்டும். பின்னலை அவிழ்க்கலாம். ஆனா கேளுங்கோ, முழுக்க முழுக்க ஒரு சொல்லுப் பேசேல்லை நீங்கள். எப்ப கை வரும், எங்க வரும் எண்டு எனக்குத் தெரியேல்லை. ஒவ்வொருக்காலும் திடுக்கிட்டன். கை நல்ல கைதான். ஆனா அறிவிப்பில்லாமல் வருது." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "சரி, இப்ப என்னை ஒப்படையுங்கோ. உடம்பில என்ன கண்டனீங்கள்?"

"ஒண்ணுமில்ல மிஸ்ஸி."

"என்ர முதுகில ஒரு கட்டி கிடக்கு. நாலு நாளா நோகுது. காணேல்லையோ?"

"பாத்தேன்."

"பிறகேன் சொல்லேல்லை?"

காமாரியாவின் முகம் சிவந்தது. "பாத்ததை வெளிய சொல்லக் கூடாதுலா."

மையித்தைக் குளிப்பாட்டியவள் அந்த அறையிலிருந்து எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. தழும்போ வீக்கமோ அடிபட்ட தடமோ, கண்டது அவளோடேயே போக வேண்டும். பதினான்கு வருஷமாக அவள் அதைக் காத்து வந்தாள். அவளைவிட வேகமாகக் குளிப்பாட்டுகிறவர்கள் ஊரில் இருந்தார்கள். ஆனாலும் பெரிய வீட்டுக்காரர்கள் அவளைத் தேடி ஆள் அனுப்பியது அந்த மூடிய வாய்க்காகத்தான். வாழ்க்கையில் அவளுக்குப் பெருமை என்று ஒன்று இருந்ததென்றால் அது இதுதான். கண்ணை மூடும் கையைக் கட்டிப்போடலாம். இதை என்ன செய்வது?

கனகேஸ்வரி சட்டையைச் சரிசெய்துகொண்டே மெதுவாகச் சொன்னாள். "செத்தவைக்கு அது மரியாதை, அக்கா. எனக்கு நோகுது."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சொல் கூடவே வந்தது.

மறுநாள் முதல் காமாரியா பேசப் பழகினாள். வார்டில் யாரும் அவளைக் கிட்டே விடாததால் வீட்டில் பழகினாள். தலையணையைக் கட்டிலில் கிடத்தி, "இப்ப கையைத் தூக்கப் போறேன்" என்றாள். அடுப்பில் மீன் பொரியும்போது, "இப்ப உங்களைத் திருப்பப் போறேன், பயப்படாதீங்க" என்றாள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடியிருந்த ரொஸ்னாவுக்கு அது கேட்டுவிட்டது.

"யாரோட பேசுறே காமாரியா? வீட்டுல ஆளா?"

"ஆள் இல்ல அக்கா. மீனு."

"மீனுக்கு என்ன இவ்வளவு மரியாதை?"

"பரீட்சைக்குப் படிக்கிறேன்."

கண்டதைச் சொல்லவும் பழகினாள். அதுதான் கடினம். சட்டியைக் கழுவிவிட்டு, "அடியில் கரி, பிடியில் ஒரு கீறல்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். சட்டியைக் காட்டிக்கொடுப்பதற்கே முதலில் நாக்கு எழவில்லை. மூன்றாம் வாரம் தெருவிலே போகிறவர்களின் நொண்டலும் இருமலும்கூட அவளுக்குள் வாக்கியமாகத் தொடங்கிவிட்டன.

பரீட்சை நாளில் ஐந்து பேர் நின்றார்கள். மெட்ரன் சீட்டுக் குலுக்கச் சொன்னார். காமாரியா எடுத்த சீட்டில் ஏழு என்றிருந்தது.

கட்டிலைச் சுற்றியிருந்த மறைப்புத் தட்டியை நகர்த்தி உள்ளே போனதும் சித்தி ஹாஜரா கழுத்தைத் தூக்கிப் பார்த்தார். "நீயா? ஊருல வேற ஆளே இல்லையா?"

மெட்ரன் கட்டில் தலைமாட்டில் கடிகாரத்தோடு நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. கேள்வி பதில் எல்லாம் மலாயில்தான். கால்மாட்டில் கனகேஸ்வரி நின்றாள். ஒப்படைப்பை வாங்கிக்கொள்வது மட்டுமே அன்று அவள் வேலை. ஒரு சொல் உதவக் கூடாது.

காமாரியா வாளியைக் கீழே வைத்தாள். "அக்கா, மூஞ்சியிலேருந்து தொடங்கப் போறேன். வேணாம்னா சொல்லுங்க, போயிர்றேன்."

"எங்க போவே?"

"துணி தப்ப."

சித்தி ஹாஜரா மெட்ரனைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். "கண்ணை மூட மாட்டியே?"

"நீங்களே மூடிக்குங்க. தண்ணி படும்."

முகம் முடிந்தது. "இப்ப அந்தக் கை", "இப்ப கொஞ்சம் குளுரும்", "இப்ப என் தோளைப் பிடிச்சுக்குங்க" என்று கைக்கு முன்னால் வாய் போய்க்கொண்டிருந்தது. பேச்சுக்குப் பேச்சு பதில் வந்தது. சித்தி ஹாஜராவுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். வருகிற வெள்ளிக்கிழமை மகளுக்கு நிக்காஹ் என்றார். மாப்பிள்ளை கப்பல் கம்பெனியில் இருக்கிறார் என்றார். வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லும்போது முகமெல்லாம் பூரித்தது.

கட்டுப் போட்ட காலைத் தொடாமல் சுற்றிலும் துடைத்துவிட்டு, காமாரியா நல்ல காலைத் தூக்கினாள். குதிகாலில் ஒரு காசு அளவுக்குக் கருஞ்சிவப்பு. தோல் மெலிந்து பளபளத்தது. விரலால் அழுத்திப் பார்த்தாள், சிவப்பு வெளுக்கவில்லை. படுக்கையில் நகர்வதற்கெல்லாம் அந்த ஒரே காலை ஊன்றி உந்தியதில் வந்தது.

சித்தி ஹாஜராவின் குரல் இறங்கியது. "பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் அக்கா."

"சொல்லாதே. சொன்னா வியாழக்கிழமை அனுப்ப மாட்டாங்க. என் நாத்தனா உடம்புல என்ன இருந்துச்சு, இன்னிக்கு வரைக்கும் நீ வாயத் தெறந்திருப்பியா? அதே மாதிரி எனக்கும் இருந்துருலா. உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன்."

துணி காமாரியாவின் கையில் நின்றது. மெட்ரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை; கடிகாரத்தைப் பார்த்தார். சொல்லாமல் விட்டால் கேட்பவர் யாருமில்லை. எல்லாம் விளங்கினாலும் வாய் திறக்கக் கூடாத கனகேஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்க நாத்தனா எந்திரிச்சு நடக்க வேண்டியதில்ல அக்கா" என்றாள் காமாரியா. "நீங்க நடக்கணும். இன்னிக்கு இது வெறும் செவப்பு. கல்யாண வீட்டுல நாலு நாள் யாரும் பாக்காம விட்டா புண்ணாயிரும். அப்புறம் ரெண்டு காலும் இல்லாம உக்காந்திருப்பீங்க. நான் சொல்லத்தான் போறேன். உங்களுக்குத் தெரியாம சொல்லக் கூடாதுன்னு உங்ககிட்ட முதல்ல சொல்றேன்."

"படுபாவி. ஊமையா இருந்தப்பவே நல்லா இருந்தே."

"இப்ப அந்தப் பக்கம் திருப்பப் போறேன். என் தோளைப் பிடிங்க."

சித்தி ஹாஜரா முணுமுணுத்துக்கொண்டே பிடித்தார்.

முதுகு துடைத்து, பழைய விரிப்பை முதுகோரமாகச் சுருட்டி, புது விரிப்பைப் பாதி விரித்து, அவரை அதன்மேல் திருப்பி, மறுபாதியை இழுத்துச் செருகினாள். ஒரு சுருக்கம் இல்லை. கூந்தலை வாரி ஒற்றைப் பின்னல் போட்டாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, தலைமாட்டு ஆணியில் தொங்கிய நோயாளி அட்டையை எடுத்தாள்.

எப்படி இருக்கிறது என்று மெட்ரன் கேட்டார். காமாரியா மலாயில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பதில் சொன்னாள். ஏழாம் கட்டில். முழுக்கக் குளிப்பாட்டியாகிவிட்டது. முதுகு சுத்தம். கட்டுக்குக் கீழே விரல்கள் சூடாக இருக்கின்றன. வலது குதிகாலில் காசளவு சிவப்பு, அழுத்தினால் வெளுக்கவில்லை, தோல் இன்னும் கிழியவில்லை. நோயாளிக்கு வெள்ளிக்கிழமை மகள் கல்யாணம். அதற்குப் போக வேண்டும் என்று கேட்கிறார்.

மெட்ரன் குனிந்து காலைத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்தினார். பஞ்சை வளையமாகச் சுற்றிக் குதிகாலுக்குக் கீழே வைக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை நாற்காலியில் தூக்கிக்கொண்டு போய்விட்டுச் சாயங்காலமே கொண்டுவந்துவிட வேண்டும் என்றார். அந்த மலாய்ப் பேச்சு விளங்கிய சித்தி ஹாஜரா, "நாற்காலியா? அப்ப மாப்பிள்ளையவிட எனக்குத்தான் ஊர்வலம்" என்று தலையணையில் சாய்ந்தார்.

ஒப்படைப்பை ஏற்றுக்கொள்ளக் கனகேஸ்வரி கையை நீட்டினாள். காமாரியா அட்டையை அவளிடம் கொடுத்தாள்.