இரண்டாம் மாடியில் கூப்பிட்ட பெயர்

காலை ஐந்தேகால் மணிக்குத் திருத்துறைப்பூண்டியில் தஞ்சாவூர் பஸ் ஏறினோம், நானும் என் அக்கா தையல்நாயகியும். மன்னார்குடி, வடுவூர் வழி. அறுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஆளுக்கு டிக்கெட் மூன்று ரூபாய் இருபது காசு. தஞ்சாவூர் பழைய கடைத்தெருவில் புதிதாகக் கட்டிய கூட்டு அலுவலகத்தை இன்னும் பார்க்காதவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். இன்றில்லாவிட்டால் நாளை அவர்களும் போகத்தான் வேண்டும். போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் காரியம் இது. அக்கா வீட்டுக்காரர் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் செய்துவந்தார். போன தை அறுப்போடு அவர் இறந்துபோனார். குத்தகைப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்த இடத்தில் அக்கா பெயரை ஏற்ற வேண்டும். நிலக்காரர் ஆட்சேபம் கொடுத்துவிட்டார். பொம்பளை என்ன சாகுபடி செய்வாள், சும்மா பெயருக்குக் கேட்கிறாள் என்பது அவர் கட்சி. இருபது வருஷம் அந்த நிலத்தில் நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்தது யார் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு விசாரணை, பத்தரை மணிக்கு. பெயர் ஏறாவிட்டால் அக்கா அந்த வரப்பில் கால் வைக்க முடியாது.

ஆடி மாதம். கடைமடையான எங்கள் ஊருக்கு அப்போதுதான் தண்ணீர் வந்திருந்தது. அக்கா விதை நெல்லை ஊறப்போட்டு, வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோல் மூடிவிட்டு வந்திருந்தாள். மறுநாள் முளை வந்துவிடும். நாற்றங்காலில் விட்டே ஆக வேண்டும். வழியெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான். "தம்பி, சாயந்திரத்துக்குள்ள ஊர் திரும்பிடலாமா?"

திரும்பிவிடலாம் என்று உரக்கச் சொன்னேன். நான் அரிசி ஆலையில் வேலை பார்ப்பவன். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி எனக்கு மெதுவாகப் பேச வராது. முன் சீட்டுக்காரர் திரும்பி, "அண்ணே, மன்னார்குடி இன்னும் வரல, இப்பவே அங்க கேக்குது" என்றார். பஸ்ஸே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அதே பஸ்ஸில் நிலக்காரரின் காரியஸ்தரும் வந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் தோல் பை. மரியாதையான மனுஷர். "வாங்கம்மா, சவுக்கியமா?" என்று அக்காவைக் கேட்டார். அக்காவும் சவுக்கியம் என்றாள்.

எட்டு மணிக்குத் தஞ்சாவூர். கட்டடத்துக்கு நடந்தே போனோம். மூன்று தளம், மஞ்சள் வர்ணம். திறப்பு விழாவில் பேசியதை வாசல் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஏழை எளியவர் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டாமாம், எல்லாம் ஒரே கூரையின் கீழாம். இன்னொரு காரணத்தையும் அப்போது சொன்னார்கள். வியாபாரம் படுத்துவிட்ட பழைய கடைத்தெருவுக்கு இந்தக் கட்டடம் உயிர் கொடுக்குமாம்.

எதிரே அதிராம்பட்டினத்து பாய் ஒருவர் கடை வைத்திருக்கிறார். டீயும் உண்டு, மனுத்தாளும் உண்டு. டீ இருபத்தைந்து காசு, நல்ல டீ. கட்டடம் வந்தது நல்லதா என்று கேட்டேன். முன்பெல்லாம் மதியம் வரை ஈ ஓட்டினாராம். இப்போது உட்கார நேரமில்லையாம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஊர் நடுவே ஆபீஸ் வந்தால் நாலு பேர் பிழைப்பார்கள், வரட்டுமே என்று நினைத்தேன்.

ஒன்பதரைக்கு உள்ளே போனோம். மாடிப்படி ஏறும் இடத்தில் பலகை இருந்தது. 'விசாரணைக்கு வந்தவர்கள் கூப்பிடும்போது மட்டும் மாடிக்கு வரவும்.' அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் எட்டாவது வரை படித்தவன். பெருமையாக வாசித்துக் காட்டினேன். அப்படியானால் கீழேயே இருப்போம் என்றாள். எங்கள் பக்கத்துத் தாலுகா ஆபீஸில் அப்படித்தான் வழக்கம். ஜனம் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். டவாலி போட்ட சேவகன் தாழ்வாரத்துக்கு வந்து, பெயரை மூன்று தடவை நீட்டிக் கூப்பிடுவான். கூப்பிடும் முன் உள்ளே போனால் விரட்டுவான்.

இங்கேயும் முற்றத்தில் ஒரு புங்கமரத்தை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அதன் கீழே நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். நாங்களும் போய் உட்கார்ந்தோம். காரியஸ்தர் எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு விறுவிறுவென்று படியேறிப் போனார்.

பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. யாரும் வெளியே வந்து கூப்பிடவில்லை. பன்னிரண்டரைக்குக் காரியஸ்தர் இறங்கி வந்தார், பையைத் துடைத்துக்கொண்டு. காரியம் முடிந்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. எழுந்து மாடிக்கு ஓடினேன்.

இரண்டாம் மாடியில் நீளமான நடை. அதன் கோடியில் விசாரணை அறை, வாசலில் டவாலி. தையல்நாயகி வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். பதினொன்றே காலுக்கு மூன்று தடவை கூப்பிட்டானாம். ஆள் ஆஜராகவில்லை, தள்ளுபடி.

"எங்க நின்னு கூப்பிட்டே?"

"இங்கதான். பின்ன, ரெண்டு மாடி இறங்கி வந்து வெத்தலை பாக்கு வச்சா கூப்பிடணும்?"

அந்த நடையின் ஜன்னல்கள் எல்லாம் தெருப் பக்கம். முற்றம் கட்டடத்தின் பின்னால். அங்கே நின்று வெடி போட்டாலும் மரத்தடிக்குக் கேட்காது. கட்டியவர்களில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை. அவர்களை யாரும் எந்த முற்றத்திலும் உட்காரவைத்துக் கூப்பிட்டதில்லை. தோன்றுமா?

கீழே வந்து காரியஸ்தரைத் தெருவில் மறித்தேன்.

"நாங்க மரத்தடியில இருந்ததைப் பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"தம்பி, நான் எதிர்க்கட்சி ஆளு. உங்களைக் கூப்பிடறது என் வேலை இல்லை."

அடிக்கக் கை வந்தது. அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். யோசித்தால் அவர் சொன்னது பொய்யும் இல்லை. கூப்பிடுவது சர்க்கார் வேலை. கேட்கும்படி கூப்பிடுவதும் சர்க்கார் வேலைதான். பலகையை வாசித்துக் காட்டி அக்காவைக் கீழே உட்காரவைத்தவன் நான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பாய் கடைக்குப் போனோம். சொல்லும் முன்பே அவர் ஒரு மனுத்தாளை எடுத்து வைத்தார். ஒரு மாதத்துக்குள் போட்டால் வழக்கைத் திரும்ப எடுப்பார்களாம். அவரே எழுதியும் கொடுத்தார்.

"பாய், கேக்காமலே தாளை எடுக்கறீங்களே, எப்படி?" என்றேன்.

அவர் டீ கிளாஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தினம் பத்துப் பேர் இப்படி வர்றாங்க. ஒரு தடவையில முடியறதை மூணு தடவை வர்றாங்க. என் கடைக்கு வர்ற கூட்டத்துல பாதி அதுதான். சொன்னா பாவம், சொல்லாட்டியும் பாவம். மேல ஏறி நில்லுங்கன்னு சில பேர்ட்ட சொல்லிப் பாத்தேன். டவாலி விரட்டுறான், திரும்பி வந்துடறாங்க." மனுத்தாளுக்கும் டீக்கும் காசு வாங்க மாட்டேன் என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

கடைத்தெருவுக்கு உயிர் எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறதே, அந்த ஜனத்தின் பஸ் காசிலிருந்து வந்தது.

மூன்று மணிக்கு மனு கொடுத்தோம். அதிகாரி கெட்டவர் இல்லை. படித்தார், வாங்கினார். ஒரு மாதம் கழித்து விசாரணை, அதுவரை இரு தரப்பும் அந்த நிலத்தில் இறங்கக் கூடாது என்று எழுதினார். அக்கா கைநாட்டு வைத்தாள்.

நாலு மணிக்கு பஸ். மாடியிலிருந்து இறங்கி வரும்போது பின்னால் டவாலி அடுத்த பெயரைக் கூப்பிட்டான். யாரோ பக்கிரிசாமி. நடையில் யாரும் அசையவில்லை. மாடிப்படி திரும்பும் இடத்தில் முற்றத்தைப் பார்த்து ஒரு ஜன்னல் உண்டு. நான் அதில் தலையை நீட்டி, ஆலையில் கூப்பிடுவதுபோல, "பக்கிரிசாமி, மேல வா" என்று கத்தினேன். மரத்தடியில் ஒருவர் துள்ளி எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

டவாலி எட்டிப் பார்த்தான். "யோவ், இது என்ன மாட்டுச் சந்தையா?"

"சந்தையில கூப்பிட்டாலாவது காதுல விழும். நீ உன் வேலையப் பாரு."

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். "பஸ் போனாப் போவட்டும், நீ கூப்பிடு" என்றாள். ஐந்து மணி வரை நின்றேன். அவன் மேலே சொன்னதை நான் கீழே சொன்னேன். பதினோரு பெயர். பதினோரு பேரும் ஆஜர். என் அக்கா பெயர் மட்டும் அதில் இல்லை.

ஐந்தே முக்கால் பஸ்ஸில் திரும்பினோம். வடுவூர் தாண்டும்போது வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிற்று. எங்கள் ஊரில் தண்ணீர் வந்தால் மேல் மடைக்காரர் அடுத்த வயல்காரருக்குக் குரல் கொடுப்பார். அவர் அதற்கடுத்தவருக்குக் கொடுப்பார். கடைசி வயல் வரை குரல் போய்ச் சேரும். யாரும் பலகை வைத்ததில்லை. தஞ்சாவூரில் மூன்று தளம் கட்டியவர்களுக்கு இது தெரியவில்லை.

மன்னார்குடி வந்தது. அக்கா விரலை மடக்கி நாள் எண்ணினாள். "விதையை வீட்டுக் கொல்லையில விட்டுக்கறேன். வாய்தாவுக்கும் நாத்து பறிப்புக்கும் சரியா இருக்கும்."

"பேர் ஏறிட்டா அன்னிக்கே நடவு" என்றேன்.

"அன்னிக்கு மேல கூப்பிட யாரு நிப்பா?"

"நான் நிக்கறேன்."

"நீ என்கூட விசாரணைக்கு உள்ள வந்துட்டா, கீழ இருக்கற மத்தவங்களுக்கு எப்படிக் கேக்கும்? படி திரும்பற ஜன்னல்ல யாரு நிக்கறது?"

பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தோம். அந்தப் பக்கிரிசாமி.

"ஜன்னல்ல நான் நிக்கறேங்க. எந்தத் தேதின்னு மட்டும் சொல்லுங்க."