டாக்சி பேட்டரியில் நடந்த பரீட்சை

எண்பதுகளின் நடுவில், கோலாலம்பூருக்கு வடக்கே ஈப்போ நகரில் ஒரு கணினி வகுப்பில் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய கல்லூரி என்று நினைத்துவிட வேண்டாம். பழைய கடைவீட்டின் மாடியில் ஒரே அறை, சுவரை ஒட்டி வரிசையாகக் கணினிகள், மூலையில் கடகடவென்று சத்தம் போடும் ஒரு பிரிண்டர். கீழே தமிழ் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக்கடை. பகல் முழுக்க அவர் தாளிக்கும் வாசனை படியேறி வந்து எங்கள் திரைச்சீலையில் தங்கிவிடும்.

மத்தியானம் தாண்டினால் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். முதல் இடி இடித்ததும் என் கை தானாக மேசையைத் தட்டும். "சேவ் பண்ணுங்க, சேவ் பண்ணுங்க!" பாதிப் பேர் அதைச் செய்து முடிப்பதற்குள் கரண்ட் போய்விடும். திரையில் பச்சை எழுத்துகள் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறையும். அரைமணி நேரமாக அடித்த கடிதம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

இதில் அதிகம் அடிபட்டவர் சுங்கை சிப்புட்டிலிருந்து பஸ் ஏறி வரும் ஓர் அக்கா. என்னைவிட மூத்தவர். அவர் பிறந்த தோட்டம் விற்கப்பட்டபின் தொழிலாளர் லயத்து வீட்டை விட்டுவந்து, கையுறைத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். அது முடிந்து நேராக வகுப்புக்கு வருவார். ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடி அடிப்பார். முடிக்கப் போகும் நேரத்தில் விளக்கு அணையும். "பரவால்ல டீச்சர், மறுபடி அடிக்கிறேன்" என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அவருக்குப் பக்கத்து இருக்கையில் ஈப்போ நகரத்துப் பெண் ஒருத்தி. பள்ளியை முடித்துவிட்டு வந்தவள், விரல்கள் பறக்கும், வாயும் அப்படித்தான். கரண்ட் போனால் விசைப்பலகையைத் தள்ளிவிட்டு, "இது கம்ப்யூட்டர் கிளாசா, கண்ணாமூச்சி கிளாசா?" என்பாள்.

வகுப்பை நடத்திய சீன முதலாளி, நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுபவர், கடைசியில் ஒரு யூபிஎஸ் வாங்கிக் கொண்டுவந்தார். நாங்கள் அதைப் பேட்டரிப் பெட்டி என்றோம். கரண்ட் போனதும் அது உள்ளே இருக்கும் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும். ஆனால் ஒரே ஒரு கணினியைத்தான் தாங்கும், அதுவும் கொஞ்ச நேரம்தான். பாடம் நிற்கக்கூடாது என்று என் மேசைக் கணினிக்கு அதைக் கொடுத்தார். வந்த வாரமே அவரே அதில் தண்ணீர்க் கெட்டிலைச் செருகிவிட்டார். பெட்டி அலறி நின்றுபோனது. அடுத்த நாள் அதன்மேல் மூன்று மொழிகளில் எச்சரிக்கை ஒட்டினேன். அவர் அதை மூன்று மொழியிலும் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது. பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே இருந்தது வண்டிக்குப் போடுவது போன்ற பேட்டரிதான். என் கணவர் டாக்சி ஓட்டினார். அவர் வாசலில் உட்கார்ந்து பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதை எத்தனையோ முறை பார்த்திருந்ததால் எனக்குப் பயம் இல்லை. ஆனால் ஆசிட்டைப் பற்றி யோசிக்கவில்லை. நல்ல சேலை ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டபோது கொசுவத்தில் கடுகு கடுகாக ஓட்டைகள். அதற்குப்பின் அந்த வேலைக்கென்று ஒரு பழைய கைலி வைத்துக்கொண்டேன்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை நண்பகலில், அக்காவின் ஷிப்ட் முடியும் முன்பே. கோலாலம்பூரிலிருந்து ஒரு மலாய்க்கார அம்மா தேர்வாளராக வந்திருந்தார். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். பாதி கூட ஆகவில்லை, வானம் பிளந்தது போல ஓர் இடி. அறை இருண்டது. எல்லாத் திரைகளும் செத்துப்போக, யாரும் உட்காராத என் மேசையில் மட்டும் திரை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பெட்டி பீப் பீப் என்று கூப்பிட்டது. பேட்டரி வீணாகக்கூடாது என்று உடனே அணைத்தேன்.

காத்திருந்தோம். மழை விட்டது, கரண்ட் வரவில்லை. தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது என்று கீழ்க்கடைக்காரர் வந்து சொன்னார். "இன்னிக்கு வராது தங்கச்சி. நாளைக்குத்தான்."

தேர்வாளர் தாள்களை அடுக்கத் தொடங்கினார். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றார். அக்கா எழுந்து நின்றார். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"டீச்சர், எனக்கு இன்னொரு தடவ லீவு தரமாட்டாங்க. இன்னிக்கே கங்காணி மாதிரி நின்னு கேள்வி கேட்டுட்டுத்தான் விட்டான் சூப்பர்வைசர். எதாவது செய்ய முடியாதா?"

ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். மழை நாள்களில் என்னை அழைத்துப்போக வரும் கணவர், டாக்சியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

இறங்கிப் போய், "என்னங்க, வண்டி பேட்டரிய கழட்டித் தாங்க" என்றேன்.

"வெளையாடுறியா? நான் எப்படி சவாரிக்குப் போறது?"

விஷயத்தைச் சொன்னேன். மீதித் தேநீரைக் குடித்துவிட்டுப் பானட்டைத் திறந்தார். கடைக்காரர் கல்லாவிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு பத்தாதுலா. என் வேன்லயும் ஒண்ணு இருக்கு, எடுத்துக்கோங்க. காலைல சாமான் வாங்க பசாருக்குப் போறதுக்குள்ள தந்துருங்க, போதும்."

நான் கைலியைச் சேலைமேல் சுற்றிக்கொண்டு தகட்டைக் கழற்றினேன். கணவர் டாக்சி பேட்டரியைப் பெட்டிக்கு வெளியே வைத்து ஒயர்களை இழுத்து மாட்டினார். விசையைப் போட்டதும் திரை மெல்லப் பச்சையானது. அறையில் யாரோ கை தட்டினார்கள். தேர்வாளர் குனிந்து பேட்டரியைப் பார்த்தார், என் கைலியைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"போலே. தாப்பி சத்து-சத்து" என்றார். சரி, ஆனால் ஒவ்வொருவராக.

வினாத்தாளைப் பாதியாகக் குறைத்தார். யார் முதலில் என்ற கேள்வி வந்தபோது நான் வாயைத் திறப்பதற்குள் ஈப்போப் பெண் எழுந்தாள்.

"பஸ் பிடிக்கிறவங்க மொதல்ல போங்க. அக்கா, நீங்க உக்காருங்க. என் வீடு நடந்து போற தூரம்தான், நான் கடைசியா அடிச்சுக்கிறேன்."

அக்கா உட்கார்ந்தார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வினாத்தாளை நான் பிடித்துக்கொள்ள, தேடித் தேடி அடித்தார். ஒவ்வொரு வரி முடிந்ததும் சொல்லாமலே சேவ் செய்தார். முடித்து எழுந்தபோது ரவிக்கை முதுகு முழுக்க வியர்வை. பஸ்சுக்கு ஓடும்போது படியில் நின்று திரும்பி எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

நடுவில் டாக்சி பேட்டரி இறங்கி, வேன் பேட்டரியை மாட்டினோம். கடைக்காரர் எல்லாருக்கும் தேநீரும் ரொட்டியும் அனுப்பினார். ஈப்போப் பெண்ணின் முறை வந்தபோது அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது. அவள் விரல்கள் வழக்கம்போலப் பறந்தன. ஆனால் வேன் பேட்டரி பழையது. கடைசிப் பத்தியை அவள் தொடங்கியதும் பெட்டி விடாமல் கத்தத் தொடங்கியது. "சேவ் பண்ணு!" என்றேன். பண்ணினாள். அடுத்த வரியில் திரை அணைந்தது.

அவள் இருட்டில் விசைப்பலகையை மெல்லத் தள்ளிவைத்தாள். பிறகு, "அவ்வளவுதான் டீச்சர்" என்று வினாத்தாளை மடித்துக் கொடுத்தாள். வழக்கமான கிண்டல் எதுவும் அவள் வாயில் வரவில்லை. சேவ் ஆனதுவரை மதிப்பெண் போடுவதாகத் தேர்வாளர் சொன்னார். அதற்குமேல் அவராலும் முடியாது.

கீழே இறங்கினால் டாக்சி உயிரில்லாமல் நின்றது. பேட்டரியைத் திரும்ப மாட்டி, கணவர் ஸ்டியரிங்கில் உட்கார, நானும் அவளும் கடைக்காரரும் ஈரத் தெருவில் தள்ளினோம். தேர்வாளரும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு கை கொடுத்தார். வண்டி இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது. முதலில் தேர்வாளரை ரயில் நிலையத்தில் விட்டோம், பிறகு அவளை வீட்டில். இறங்கும்போது, "அக்கா முடிச்சாங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

முடிவு வந்தபோது அக்கா தேறியிருந்தார். சுங்கை சிப்புட்டிலேயே ஒரு லாரி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஈப்போப் பெண் சில மதிப்பெண்களில் தவறிவிட்டாள். அடுத்த பரீட்சைக்கு மறுபடி வந்தாள். அன்று நல்ல வெயில், கரண்ட் போகவில்லை. எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டு, தாள் பிரிண்டரிலிருந்து முழுவதும் வெளியே வரும்வரை அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.