கருப்பருக்கு நேர்ந்த சுருட்டு

என் மாப்பிள்ளை பிச்சமுத்து காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். பீடி இல்லாத அவர் வாயை என் மகளே பார்த்ததில்லை. பீடியை விடாவிட்டால் காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் புகைப்பதை விடவைக்கும் இலவச முகாமில் கொடுத்த மருந்து சூயிங்கத்தை மென்றார். பீடியை விட்டால் சுருட்டு படைப்பதாகக் கருப்பருக்கும் நேர்ந்துகொண்டார். பீடி போனது, கால் தப்பியது.

முகாமுக்கு ஆகும் செலவு தகுமா என்று பார்க்க ஸ்ரீரங்கத்திலிருந்து ப்ரியம்வதா என்ற பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“எதனால விட்டீங்க?”

“எல்லாம் கருப்பர் புண்ணியம்மா.”

“அப்ப முகாமை மூடிடலாமா? சுருட்டுதான் மலிவு.”

மாப்பிள்ளை பதறினார். “மூடிடாதீங்கம்மா! படைச்ச சுருட்டுல ஒண்ணைப் பிரசாதம்னு பூசாரி என் கையிலயே குடுத்துட்டாரு. வாயில சூயிங்கம் இருந்ததால தப்பிச்சேன்.”

“அப்படியே எழுதிக்கம்மா,” என்றேன். “காலை வாரப் பாத்தது சாமி, காப்பாத்துனது சூயிங்கம்.”